தனிமைக்கு ஒரு சீட்டு

"சீட்டு எங்கே?" என்று கேட்டார் தலைமைப் பதிப்பாசிரியர்.

"எந்தச் சீட்டுங்கய்யா?"

"தனிமைக்கு."

அகராதிக்காரர் மேஜைமேல் விரித்திருந்த அச்சுத்தாளைக் குனிந்து பார்த்தார். 'தனி' என்ற சொல்லுக்குக் கீழே பதினாறு சீட்டு எண்கள் இருந்தன. 'தனியார்' என்பதற்கு அதைவிட அதிகம்; பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றாலே இரண்டு கிடைத்துவிடும். நடுவில் இருந்த 'தனிமை'க்கு மட்டும் கீழே ஒரு எண்ணும் இல்லை.

"புத்தகத்துல இருந்து எடுத்தது நாற்பத்தொண்ணு இருக்கே ஐயா. கவிதையில மட்டும் முப்பது."

"புத்தகத்துல இருக்கறதைப் போட வேற அகராதி இல்லையா? நம்மளோடது என்ன அகராதி?"

"வாய்மொழி அகராதி."

"இது யார் வாயில வந்தது?"

அகராதிக்காரர் யோசித்தார். 'போரடிக்குது' என்று சொல்கிறார்கள். 'ஒரு மாதிரியா இருக்கு' என்கிறார்கள். 'வீடே வெறிச்சுனு இருக்கு', 'பேச்சுத்துணைக்கு ஆளில்ல', எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு. ஆனால் வாயைத் திறந்து 'தனிமை' என்று சொன்ன ஒரு மனிதரையும் அவர் பார்த்ததாக நினைவில்லை.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு 'த' அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சீட்டு வந்தா வார்த்தை இருக்கும். இல்லேன்னா தூக்கிடுவேன்" என்றார் தலைமை.

"'தனி'க்கும் 'தனியார்'க்கும் நடுவில காலி இடம் விழுமே ஐயா."

"கொஞ்சம் இழுத்துவிட்டா மூடிக்கும்."

அன்று செவ்வாய்க்கிழமை.

அந்த அலுவலகத்தில் ஒரு சொல்லைத் தூக்குவது சாதாரண விஷயம் இல்லை. தூக்கிய சொல்லைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'விடுபட்டவை' என்ற தலைப்பில் போடுவார்கள். பக்கத்திலேயே அதற்குப் பொறுப்பானவரின் பெயரையும் போடுவார்கள். முன்பு 'ஞ' பார்த்துக்கொண்டிருந்தவர் 'ஞாபகம்' என்ற சொல்லையே விட்டுவிட்டார். வேலையை விட்டுப்போய் இத்தனை வருஷம் ஆகியும், எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவரிடம் "ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அகராதிக்காரருக்கு அந்தக் கதி வேண்டாம். பதினோரு வருஷம் உழைத்த அகராதி 'தனிமை' இல்லாமல் வெளிவரவும் வேண்டாம்.

சீட்டு என்பது உள்ளங்கை அகல அட்டை. மேலே சொல், நடுவில் வாக்கியம், அடியில் சொன்னவர், இடம், நாள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. முக்கியமான விதிகள் இரண்டு. வாக்கியத்தை நாமாக இட்டுக்கட்டக் கூடாது. கேட்டும் வாங்கக் கூடாது. சொல்கிறவர் தானாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் தலைமை நேரே அந்த ஆளுக்கே போன் போட்டுவிடுவார்.

அகராதிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. மாமனார் கண்ணை மூடிய அன்று 'ஐயோ'வுக்கு ஏழு சீட்டு எழுதினார். மைத்துனர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தந்த வாரம் எந்தச் சொல்லைத் தேடுகிறாரோ அது மட்டுமே அவர் காதில் விழும், மற்றதெல்லாம் காற்றோடு போகும். 'உப்பு' தேடிய சமயத்தில் வீட்டுக் குழாய் உடைந்துவிட்டது. மனைவி நாலு தரம் சொல்லியும் அசையாதவர், "வர்ற தண்ணியும் உப்பா இருக்கு" என்று அவள் சொன்னதும்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்து, பென்சிலை எடுத்தார்.

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஆபீஸ் போனதுக்கப்புறம் வீட்டுல உனக்கு எப்படி இருக்கும்?"

"சத்தமில்லாம இருக்கும்."

"அதில்ல. மனசுக்கு எப்படி இருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாதான் இருக்கும்."

'சும்மா'வுக்கு ஏற்கெனவே அறுபத்துநாலு சீட்டு இருந்தது. அவர் விடவில்லை. "பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா. பகல் பூரா நீ ஒருத்தி. அப்ப ஏதாவது தோணுமில்ல?"

"தோணும்."

"என்ன தோணும்?" பென்சில் பாதி வெளியே வந்துவிட்டது.

மனைவி அந்தப் பென்சிலைப் பார்த்தாள். "அரிசி தீர்ந்துபோச்சுன்னு தோணும்" என்றாள்.

கொஞ்ச காலமாகவே அவள் பேச்சு இப்படித்தான் ஓரிரு வார்த்தையில் முடிந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் பேசாமலே புரிந்துகொள்ளும் பக்குவம் வந்துவிட்டது என்று அகராதிக்காரர் இதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

நம்பிக்கை மட்டும் போகவில்லை. ஒரு புதுச் சீட்டை எடுத்து மேலே 'தனிமை' என்று எழுதினார். வாக்கியத்துக்கு இடம் விட்டு, அடியில் 'சொன்னவர்: மனைவி. வெள்ளிக்குள்' என்று பென்சிலால் குறித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் செய்த முதல் தப்பு அது.

இரண்டாவது தப்பு மாடிவீட்டுக்காரர். லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒன்பது வருஷமாகத் தனி ஆள். தானாகவே 'தனிமை' என்று சொல்ல இவரைவிடத் தகுதியான ஆள் எங்கே கிடைப்பார் என்று புதன்கிழமை காலை ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு மாடியேறினார் அகராதிக்காரர்.

"வாங்க வாங்க! இப்பத்தான் யாராவது வந்தா நல்லா இருக்குமேன்னு நினைச்சேன்."

"ஏன் சார் அப்படி நினைச்சீங்க?" ஆவல் தாங்கவில்லை அவருக்கு.

"இந்தப் பரண்மேல இருக்கற மரப்பெட்டியை இறக்கணும். ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

மரப்பெட்டியை இறக்கினார்கள். துடைத்து மறுபடி ஏற்றினார்கள். அதன்பின் மாடிவீட்டுக்காரர் தன் அன்றாட வாழ்க்கையை மணிவாரியாக விவரித்தார். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அப்புறம் குடிநீர் வாரியத்தோடு போனில் சண்டை. பத்து மணிக்கு வானொலி. பிறகு மாடிப்படியில் நாற்காலி போட்டு உட்காருவார். ஏறுகிறவர் இறங்குகிறவர் யாரும் அவரிடம் பேசாமல் தாண்டிப்போக முடியாது.

"சில நேரத்துல ஒண்ணுமே இல்லாம, ஒரு மாதிரி..." என்று அகராதிக்காரர் பேச்சுக்கு வழிதிறந்துவிட்டுப் பார்த்தார்.

"ஒரு மாதிரி இருக்கும். உண்மைதான்."

"அதுக்குப் பேரு என்ன சார்?"

"வாயு."

இரண்டு மணி நேரம் ஓடியது. கடைசியில் மாடிவீட்டுக்காரரே அவர் தோளில் கைவைத்தார். "தம்பி, வந்ததுல இருந்து ஒரே கேள்வியைத்தான் சுத்திச் சுத்திக் கேக்குறீங்க. ஒத்தையா இருந்தா எப்படி இருக்கும், சாயங்காலம் எப்படிப் போகும்னு. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி சரி, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கதவுவரை வந்து வழியனுப்பினார் மாடிவீட்டுக்காரர். கதவைச் சாத்திய கையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு சதுரங்கம் ஆட வருகிறவரைப் போனில் கூப்பிட்டார். அந்த ஆட்டக்காரர் அகராதிக்காரரின் மைத்துனர், அவர் மனைவியின் அண்ணன்.

மைத்துனர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வுபெற்றும் கழுத்திலிருந்து விசில் இறங்கவில்லை. மதியம் அகராதிக்காரர் நூலகம்வரை போய் வெறுங்கையோடு திரும்பியபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பெட்டி, மடியில் சொந்தத் தலையணை. மேஜைமேல் அந்தச் சீட்டு கிடந்தது. துவைக்கப் போட்ட சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கிறது.

"மாப்பிள்ளை வாங்க, உக்காருங்க" என்றார் மைத்துனர். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். "இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமா மச்சான்."

"தனிமை. மனைவி. வெள்ளிக்குள்." விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே படித்தார். "ஆக, வெள்ளிக்கிழமைக்குள்ள என் தங்கச்சியைத் தவிக்க விட்டுட்டுக் கிளம்பப் போறீங்க. மாடியில போய், தனியாக் குடியிருக்கிறது எப்படின்னு விசாரணையும் முடிச்சாச்சு."

"ஐயோ மச்சான், அது வேலை!"

"'ஐயோ'வை எங்க அப்பா சாவுலயே நிறைய எழுதிட்டீங்க. இப்ப விஷயத்துக்கு வாங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். "அண்ணா, அவரு எங்கயும் போகமாட்டாரு."

"உனக்குத் தெரியாதும்மா. ஆம்பளை போறதுன்னா சொல்லிட்டா போவான்?"

"போனாலும் எனக்கு வித்தியாசம் தெரியணுமே" என்றுவிட்டு உள்ளே போனாள்.

தன்மீது அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அகராதிக்காரர் நெகிழ்ந்துபோனார். அந்தத் தெம்பில் மைத்துனருக்கு எல்லாவற்றையும் விளக்கினார்: வாய்மொழி அகராதி, சீட்டு, வெள்ளிக்கிழமை நாலு மணி, கடைசிப் பக்கம். மைத்துனர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானா? யாராவது 'தனிமை'ன்னு சொல்லணும். நானே சொல்றேன், எழுதிக்கோ. தனிமை, தனிமை, தனிமை."

"நீங்க சொன்னா செல்லாது மச்சான். கேட்டு வாங்கினது ஆயிடும். தானா வரணும்."

"தானா வரணும்." மைத்துனர் தலையணையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளைத் தானாக ஓடவைத்த மனிதர் அவர். "வரவைக்கிறேன் பாரு."

"வேண்டாம் மச்சான்" என்று சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அகராதிக்காரர் ஆபீஸுக்குக் கிளம்பித் தெருவில் கால் வைத்தார். முடிதிருத்துபவர் கடையிலிருந்து கத்தியும் கையுமாக ஓடிவந்தார். கடைக்குள்ளே நாலு பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாதிச் சவரத்தில் இருந்தார்.

"சார், ரொம்பத் தனிமையா இருக்கு சார்!"

"யாருக்கு?"

"எனக்குத்தான். சொன்னவர் முடிதிருத்துபவர், இடம் கடைவாசல். போன் நம்பரும் தரேன், எழுதிக்கோங்க."

தையல்காரர் பெரிய குடும்பஸ்தர். ஏழு பிள்ளைகள், கடைக்குள்ளேயே மூன்று பேர் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "தனிமை வாட்டுதுங்க" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, "வாட்டும் வாட்டும்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர்தான் எல்லோரையும் மிஞ்சினார். "உங்களுக்கு எத்தனை வேணும் சார்? என் கடைக்கு வர்றவங்க எல்லாம் தனிமைன்னுதான் சொல்றாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"இனிமே சொல்லுவாங்க. சொன்னாத்தான் மாத்திரைன்னு உங்க மச்சான் போர்டு எழுதிக் குடுத்திருக்காரு."

பஸ் நிறுத்தத்தில் மைத்துனர் நின்றிருந்தார். அங்கே காத்திருந்தவர்களை உயரவாரியாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அகராதிக்காரரைக் கண்டதும் விசில் ஊதினார். "தனிமை!" என்றது வரிசை.

ஆபீஸில் இதைவிட மோசம். தலைமையின் போன் காலையிலிருந்து ஓயவில்லை. "ஐயா, நான்தான் தனிமையா இருக்கேன். சரிபார்த்துக்கறதுக்குக் கூப்பிடுவீங்கன்னு சொன்னாங்க, நீங்க கூப்பிடலையேன்னு நானே கூப்பிட்டுட்டேன்" என்று முப்பத்திரண்டு பேர். அதில் ஒருவர் பின்னணியில் கல்யாண மேளம் கேட்டதாம்.

"உங்க தெரு மொத்தமும் செல்லாது" என்றார் தலைமை. "அடுத்த அஞ்சு வருஷத்துக்கு அந்தத் தெருவில இருந்து 'தனிமை'ன்னு எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். நிஜமாவே எவனாவது தனிமையில செத்தாலும் சரி."

அகராதிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சீட்டறைக்குள் நுழைந்தார். அங்கே இழுப்பறைகளுக்கு நடுவே ஏணிமேல் உட்கார்ந்திருந்தார் சீட்டறை அம்மா, தலைமுடியெல்லாம் தூசி. லட்சத்துச் சொச்சம் சீட்டுக்கும் காவல் அவர்தான்.

"என்னம்மா தேடுறீங்க?"

"உங்க தனிமையைத்தான் சார். ஒரு வார்த்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பெட்டியையும் ஒரு தடவை பார்த்துடணும்னு விதி இருக்கு. செவ்வாய்க்கிழமை 'அ'வுல ஆரம்பிச்சேன்."

"வீண் வேலைம்மா. 'த'வுலயே இல்லாதது வேற எங்க இருக்கப்போகுது?" என்று பரிதாபப்பட்டுவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. விதிப்புத்தகத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: அகராதி ஊழியர் தன்னையறியாமல் தானே சொன்ன வாக்கியமும் ஏற்கப்படும், சாட்சி ஒருவர் வேண்டும். ஏன், தானே தனிமையை உணர்ந்து தானே வாய்விட்டுச் சொன்னால் என்ன? அதற்கு வீடு காலியாக வேண்டும். கூடவே ஒரு சாட்சியும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மாலை நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து, மனைவியையும் மைத்துனரையும் சினிமாவுக்குக் கிளப்பினார்.

"நீயும் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போயேம்மா, பாவம் மனுஷன்" என்றார் மைத்துனர் தங்கையிடம்.

"நான் சொல்றதெல்லாம் சொல்லியாச்சு அண்ணா" என்று சிரித்தாள் அவள். செருப்பை மாட்டிக்கொண்டு கணவரிடம் கேட்டாள்: "எத்தனை மணிக்கு வரணும்?"

"நிதானமா வா. நீ இல்லாதது எனக்கு நல்லா உறைக்கணும்."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

சாட்சியாக மாடிவீட்டுக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். சமையலறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அகராதிக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் மணி பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கூடத்து விளக்கை அணைத்தார். நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடி, உலகத்தில் தனக்கென்று யாருமே இல்லை என்று நினைக்கத் தொடங்கினார். கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. லேசாக நெஞ்சை என்னவோ செய்தது.

"வந்துடுச்சா?" என்றது சமையலறை.

"இல்ல சார். பேசாதீங்க."

ஐந்து நிமிஷம் போயிற்று.

"சர்க்கரை டப்பா எங்க இருக்கு?"

"சார்!"

"சரி சரி. நீங்க தனிமையா இருங்க."

ஐந்தேகால் மணிக்கு வாசல் மணி அடித்தது. முடிதிருத்துபவர் மடக்கு நாற்காலியோடு நின்றார். "ஒரு சாட்சி பத்தாதுன்னு மாடி சார் சொன்னாரு. மத்தவங்களும் வந்துட்டிருக்காங்க." காலையில் தாங்கள் சொன்னது செல்லாமல் போனதில் தெருவுக்கே மனத்தாங்கல், எப்படியும் இவரைச் சொல்லவைத்துவிடுவது என்று முடிவுகட்டியிருந்தார்கள். தையல்காரர் ஏழு பிள்ளைகளில் ஐந்தைக் கூட்டிவந்தார். மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து, "உணர்ச்சி ஏறும்போது இதுல தெரிஞ்சிடும்" என்று அகராதிக்காரரின் கையில் பட்டையைச் சுற்றினார்.

கூடம் நிறைந்துவிட்டது. எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தார்கள்.

"தனிமைன்னா என்ன சார் அர்த்தம்? அதைத் தெரிஞ்சுக்கிட்டா நாங்களும் உதவியா இருப்போம்" என்றார் தையல்காரர்.

"துணை இல்லாத நிலை" என்றார் அகராதிக்காரர் சோர்வாக.

"அப்ப ரொம்ப சுலபம்" என்றார் மாடிவீட்டுக்காரர். "ஆளில்லேன்னா தனிமை, ஆளிருந்தா கூட்டம். இதுக்குப் போய் ஒரு அகராதியா?"

"எனக்கெல்லாம் கூட்டத்துலதான் அந்த மாதிரி இருக்கும்" என்றார் முடிதிருத்துபவர்.

"அது முடி வெட்ட வந்த கூட்டம்யா. நீ கத்தியைப் பிடிச்சிட்டு நிப்ப, அவன் பேசிட்டிருப்பான். அதையெல்லாம் கணக்குல சேர்க்க முடியாது."

விவாதம் சூடுபிடித்தது. பிள்ளைகள் மேஜைக்கு அடியில் புகுந்து வெற்றுச் சீட்டுக் கட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். யாரோ வானொலியைப் போட்டார்கள். கையில் சுற்றிய பட்டை இறுகிக்கொண்டே போனது. அகராதிக்காரர் துள்ளி எழுந்து, உச்சிமண்டை அதிரக் கத்தினார்:

"என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்களேன்யா!"

உடனே முடிதிருத்துபவர் கையைத் தட்டினார். "'தனியா' வந்துடுச்சு! கிட்ட வந்துட்டாரு! விடாதீங்க!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சினிமா முடிந்து மனைவியும் மைத்துனரும் திரும்பியபோதும் யாரும் நகரவில்லை. மைத்துனர் உற்சாகமாகி விசிலோடு நடுவில் போய் நின்றுகொண்டார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "உக்கார எனக்கு ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டாள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய், பதினாறு பேருக்குத் தேநீர் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு அகராதிக்காரர் தலைமையின் அறையில் நின்றார். இடது கையில் பட்டை இறுகிய தடம் இன்னும் போகவில்லை. அச்சகத்து ஆள் கதவோரம் காத்திருந்தான். தலைமை சிவப்புப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தார்.

"சீட்டு?"

"இல்லைங்கய்யா."

"ஒண்ணுகூடவா?"

"என் தலையெழுத்து ஐயா. பேரைக் கடைசிப் பக்கத்துல போட்டுக்கோங்க." அந்தச் சொல் போவது அவருக்கு நிஜமாகவே வலித்தது. நாற்பத்தொரு புத்தகங்களில் அது எத்தனை அழகாக இருந்தது! ஒரு மனித வாயில்கூட வராமல் போய்விட்டதே.

தலைமைக்கும் மனசு கேட்கவில்லை. பென்சிலைச் சற்று தாழ்த்தினார். "வீட்டுல விசாரிச்சுப் பார்த்தீங்களா? உங்க வீட்டம்மா எப்பவாவது, ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கமாட்டாங்களா?"

அகராதிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"அவளா? அவளுக்கு அது எங்கய்யா தெரியும்? முதல்ல கேட்டதே அவகிட்டதான். 'அரிசி தீர்ந்துபோச்சுன்னுதான் தோணும்'ங்கிறா. நான் கிளம்பிப் போயிடுவேன்னு அவ அண்ணன் குதிச்சப்போகூட அசையலை. அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு விதத்துல எனக்கு இதுல பெருமைதான் ஐயா. இருபத்தாறு வருஷத்துல எங்க வீட்டுக்குள்ள நுழையாத வார்த்தை அது. அதனாலதான் எனக்கு சீட்டு கிடைக்கல."

தலைமை அவரை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். "கொடுத்துவைச்சவர்யா நீங்க" என்றார். பென்சிலை 'தனிமை'யின் மேல் கொண்டுபோனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு சீட்டறை அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் ஓரம் பழுத்த ஒரு சீட்டு.

"தூக்காதீங்கய்யா, கிடைச்சிருச்சு! 'கூடவே'ங்கிற வார்த்தைக்குன்னு மூணு வருஷம் முன்னாடி நம்ம சாரே எழுதிப் போட்ட சீட்டு: 'நீங்க கூடவேதான் இருக்கீங்க, ஆனாலும் எனக்குத் தனிமையா இருக்கு', சொன்னவர் மனைவி, இடம் சமையலறை, 'கூடவே'க்கு அடியில கோடு போட்டு, ஓரத்துல 'அருமையான எடுத்துக்காட்டு'ன்னு வேற குறிச்சிருக்காரு!"